விலாசம் கொடுப்பது

1

மருந்துக்கடையில் என் வேலை பெரும்பாலும் ஒரே கேள்வி கேட்பதுதான். கவுண்டருக்கு வருகிறவர் தன் பெயரைச் சொல்வார். நான் பின்னால் போய் அவருடைய மருந்துப் பையை எடுத்து வந்து, கொடுப்பதற்கு முன், "உங்கள் விலாசம்?" என்று கேட்பேன். அவர் சொல்வதும் பையில் ஒட்டியிருப்பதும் ஒன்றாக இருந்தால் கொடுக்கலாம். தென் லண்டனில் மிச்சம் என்னும் இந்த ஊரில், இதைக் கேட்டுக் கேட்டே எனக்குத் தலை நரைத்துவிட்டது. பெரும்பாலானோர் யோசிக்காமல் சொல்வார்கள். சிலர் மட்டும் தயங்கி, "பழையதா, புதியதா?" என்பார்கள். அவர்களைக் கவுன்சில் வீடு மாற்றி வீடு மாற்றி அலைக்கழித்துக்கொண்டிருக்கிறது என்று அப்போதே விளங்கிவிடும்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, மத்தியான இடைவேளையில் நான் சோற்றுப் பெட்டியைத் திறந்திருந்தபோது, அதே கேள்வியோடு ஒரு பெண் எனக்குத் தொலைபேசி எடுத்தார். சிறையிலிருந்து வெளியே வருகிறவர்களைக் கவனிக்கும் புரொபேஷன் அலுவலகத்திலிருந்து பேசுவதாகச் சொன்னார். என் விலாசத்தை அவரே வாசித்துக் காட்டி, சரிதானா என்று கேட்டார். சரி என்றேன். மார்லன் என்பவரைத் தெரியுமா என்றார். தெரியும் என்றேன்.

"அவரை முன்கூட்டியே விடுவிக்கலாம். காலில் கண்காணிப்புப் பட்டி கட்டி, இரவு முழுவதும் வீட்டுக்குள்ளேயே இருக்கவேண்டும். தங்குவதற்கு உங்கள் வீட்டைச் சொல்லியிருக்கிறார். வீட்டுக்காரராகிய உங்கள் சம்மதம் வேண்டும். உங்கள் மகன் இப்போது அங்கே இருக்கிறாரா?"

மகன் வேலை கிடைத்து ரெடிங்கில் அறை எடுத்திருக்கிறான், அவனுடைய அறை சும்மாதான் கிடக்கிறது என்றேன். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அறை இல்லை என்று சொல்லித் தப்பும் வழியை நானே அடைத்துவிட்டிருந்தேன். ஆகவே எங்கள் பெண்கள் காலங்காலமாகச் சொல்லிவரும் அடுத்த பதிலைச் சொன்னேன். "என் கணவரிடம் கேட்டுத்தான் சொல்ல வேண்டும்." கலியாணம் செய்த நாளிலிருந்து ஒரு திரைச்சீலை வாங்குவதற்குக்கூட நான் அவரிடம் கேட்டதில்லை.

அந்தப் பெண் மரியாதையாகத்தான் பேசினார். அடுத்த வார முடிவுக்குள் பதில் வேண்டும், இல்லாவிட்டால் மார்லன் இன்னும் சில மாதங்கள் உள்ளேயே இருக்க வேண்டி வரும் என்றார். நான் சோற்றுப் பெட்டியை மூடிவிட்டேன்.

2

மார்லன் என் மகன் அபியோடு படித்தவன். உயர்பள்ளியின் முதல் வாரத்திலேயே இருவரும் ஒட்டிக்கொண்டார்கள். அவனுடைய தாயின் பெற்றோர் ஜமெய்க்காவிலிருந்து வந்தவர்கள். தாய் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை, பெரும்பாலும் மாலை ஷிப்ட். அதனால் பள்ளி விட்டதும் அவன் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவான். இடியப்பத்தைச் சொதியில் குழைத்து என் மகனைவிட வேகமாகக் கையால் சாப்பிடுவான். "அன்ரி, சம்பல் இன்னும் இருக்கா?" என்று கேட்பான். அவனுக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான். அதில் எனக்குச் சரியான புளுகம், அவ்வளவு பெருமை. எங்கள் ஆட்கள் யாராவது வீட்டுக்கு வந்தால் பையன்கள் இருவரும் மேலே அபியின் அறைக்குப் போய்விடுவார்கள். கீழே இடம் போதாது.

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு மாலை பொலிஸ் அபியின் காரை மறித்தது. இருக்கைக்கு அடியில் சின்னச் சின்னப் பொட்டலங்களாகப் போதைப்பொருள் இருந்தது. மார்லன் பக்கத்தில் இருந்தான். இதை மூடி மறைத்து எழுதப்போவதில்லை. என் பிள்ளை அதை விற்கத்தான் போனான். அப்போது நான் எங்கள் ஆட்களிடம் "ஆரோ பிள்ளையைக் கெடுத்துப்போட்டாங்கள்" என்று அழுதேன். யாரோ என்றால் யார் என்பதை அவர்கள் தாங்களாகவே நினைத்துக்கொண்டார்கள். நான் திருத்தவில்லை.

முதல் நாள் நீதிமன்றத்திலேயே இருவருடைய பாதையும் பிரிந்துவிட்டது. அபிக்கு ஒரு வீடு, தாய், தகப்பன், விலாசம் எல்லாம் இருந்தன. பிணையில் அன்றே வீட்டுக்கு வந்து குளித்துச் சாப்பிட்டுப் படுத்தான். மார்லனின் தாயைச் சில மாதங்களுக்கு முன்தான் கவுன்சில் தூரத்து ஊரொன்றில் ஒற்றை அறைத் தற்காலிக விடுதிக்கு மாற்றியிருந்தது. அங்கே வளர்ந்த மகனைச் சேர்க்க மாட்டார்கள். கொடுக்க ஒரு விலாசம் இல்லாததால் அவனை விசாரணைக்கு முன்பே உள்ளே கொண்டுபோனார்கள்.

பிறகு தீர்ப்பு நாள் வந்தது. எங்கள் சமூகத்துக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. பிள்ளை நீதிமன்றத்துக்குப் போனால் நாங்கள் கூட்டமாகப் போவோம். நல்ல பெயர் சொல்லும் கடிதங்களைச் சேர்ப்போம். கோயில் தர்மகர்த்தா ஒன்று, சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி அதிபர் ஒன்று, மிருதங்கம் படிப்பித்த மாஸ்டர் ஒன்று, வெம்பிளியிலிருந்து டொக்டர் ஒருவர் ஒன்று. டொக்டர் அபியைக் கடைசியாகக் கண்டபோது அவனுக்கு முன்பல் விழுந்திருந்தது. ஆனாலும் "நெருக்கமாக அறிவேன்" என்று எழுதினார். கோட்டும் சேலையுமாக இரண்டு வான்களில் போய் இறங்கினோம். ஊருக்குத் தெரியக்கூடாது என்று நினைத்த விஷயத்துக்கு ஊரே வந்து நின்றது. பார்வையாளர் இருக்கைகள் போதாமல் சிலர் வெளியே நின்றார்கள். அவர்களுக்கு நான் வடை கொண்டுபோயிருந்தேன் என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள்.

மார்லனின் பக்கத்தில் அவனுடைய தாய் மட்டும். தூரத்துப் பேருந்தில் வந்ததால் தாமதமாகி, மூச்சு வாங்க வந்து உட்கார்ந்தார். என்னைக் கண்டதும் கையை உயர்த்தினார். நானும் உயர்த்தினேன்.

இருவரும் குற்றத்தை ஒப்புக்கொண்டிருந்தார்கள். இருவருக்கும் அதுவே முதல் வழக்கு. நீதிபதி கெட்டவர் அல்ல. ஒவ்வொரு கடிதத்தையும் வாசித்தேன் என்றார். அபிக்கு உறுதியான குடும்பம், நிலையான வீடு, திரும்பிப் போக ஒரு சமூகம் இருப்பதால் தண்டனையை நிறுத்திவைப்பதாகவும், சம்பளமில்லாத பொது வேலை செய்யவேண்டும் என்றும் சொன்னார். மார்லனைப் பற்றித் தன் முன்னால் அப்படி எதுவும் இல்லையே என்று சொல்லிச் சிறைக்கு அனுப்பினார். எங்கள் ஆட்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். நானும்தான்.

அவனைப் பற்றி ஒரு கடிதம் எழுத எனக்குக் கைவராமல் இருந்ததா என்றால், அதுவும் இல்லை. எனக்கு அது தோன்றவேயில்லை. எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வளர்ந்த பிள்ளை, எனக்குத் தெரிந்து ஒருநாளும் தட்டைக் கழுவாமல் எழும்பியதில்லை. நாலு வரி எழுத எனக்கு ஆங்கிலம் தெரியும். வேண்டுமென்றே எழுதாமல் விட்டேன் என்றாவது இருந்தால் அதற்கு ஒரு காரணம் சொல்லலாம். எனக்குச் சொல்வதற்குக் காரணமே இல்லை.

3

அந்தச் செவ்வாய்க்கிழமைத் தொலைபேசியை நான் ஞாயிறு வரை இவரிடம், என் கணவரிடம், சொல்லவில்லை. வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நியூ ஜெர்சியிலிருந்து இவருடைய அண்ணன் பேசுவார். இவர் போனை மேசையில் வைத்து சத்தமாகப் போடுவார். அன்று அண்ணனுக்கு அமெரிக்கச் சிறைகளைப் பற்றிப் பேச்சு. "இஞ்ச கறுப்புப் பொடியளை அள்ளிக்கொண்டுபோய் அடைக்கிறாங்களடா. பிணைக்குக் காசில்லாதவன் வழக்குக்கு முதலே உள்ள கிடக்கிறான். வழக்காடித் தோத்தால் ஆயுசில பாதி போகும், ஒத்துக்கொண்டால் கெதியா விடுறம் எண்டு பேரம் பேசுறாங்கள். செய்யாதவனும் ஒத்துக்கொண்டிட்டு வாறான். ஒரு நாடே சிறைச்சாலை நடத்திப் பிழைக்குது."

"அநியாயம்," என்று இவர் தலையில் கை வைத்தார். "நல்லகாலம் நாங்கள் லண்டனுக்கு வந்தது."

போனை வைத்ததும் நான் சொன்னேன். "புரொபேஷனில இருந்து கோல் வந்தது. மார்லனை விடுறதெண்டால் ஒரு விலாசம் வேணுமாம். எங்கட வீட்டைக் குடுத்திருக்கிறான்."

இவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார்.

"நீர் என்ன சொன்னனீர்?"

"உங்களிட்டக் கேக்கவேணும் எண்டு சொன்னன்."

"என்னிட்டயோ?" அவருக்கே சிரிப்பு வந்தது. பிறகு முகம் மாறியது. "பொலிஸ் வீட்டுக்கு வரும் போகும். காலில கட்டுற பட்டிக்கெண்டு சுவரில ஏதோ பெட்டி பூட்டுவாங்களாம். கோயிலில ஆரும் கேட்டால் என்ன சொல்லுறது?"

"அதுதான் எனக்கும் யோசனை."

"இன்னும் கொஞ்ச மாதம்தானே. அவன் இளந்தாரி. தாங்குவான்," என்றார். நான் ஆமோதித்தேன். அமெரிக்கா அநியாயமான நாடு என்பதில் எங்கள் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

அன்று மாலை அபி எடுத்தான். "அம்மா, அந்த லேடி கோல் பண்ணினவவா?" அவன்தான் மார்லனின் தாய் மூலம் எங்கள் விலாசத்தைக் கொடுக்கச் சொல்லியிருக்கிறான். ஒரே வழக்கில் இருந்ததால் அவன் போய்ப் பார்க்க அனுமதி இல்லை. பெற்ற தாயிடம் முதலில் கேட்க வேண்டும் என்று அவனுக்குப் படவில்லை. அம்மா ஓம் என்பா என்று நம்பியிருக்கிறான்.

"அப்பாவோட கதைக்கிறன்," என்றேன்.

"அம்மா, ப்ளீஸ். என்ர ரூம் சும்மாதானே கிடக்கு." பிறகு குரல் தணிந்தது. "அண்டைக்கு அவனைக் காரில ஏறு எண்டு கூப்பிட்டது நான், அம்மா. யூ நோ தட்."

எனக்குத் தெரியும். தீர்ப்புக்கு முதல் நாள் இரவே சொல்லியிருந்தான். தெரிந்துகொண்டுதான் வடை சுட்டேன்.

4

அந்த வாரம் எங்கள் வீட்டில் இன்னொரு நாளும் வந்தது. நாட்காட்டியில் குறிப்பதில்லை, ஆனால் வருடந்தோறும் மறப்பதில்லை. இவர் அகதியாக வந்து விமான நிலையத்தருகே தடுப்பு முகாமில் கிடந்து, வெளியே வந்த நாள். நான் அப்போது ஊரில் இருந்தேன். குற்றமென்று ஒன்றும் இல்லை, கள்ளப் பாஸ்போர்ட்டைத் தவிர. வெளியே தங்க விலாசம் ஒன்று காட்டினால் விடுவார்கள். இவருக்கு லண்டனில் ஒரு நாயைக்கூடத் தெரியாது. கூட்டாளியின் மச்சானுக்குத் தெரிந்தவர் என்று ஈஸ்ட் ஹாமில் இருந்த குணம் அண்ணை தன் விலாசத்தைக் கொடுத்தார். முன்பின் கண்டதில்லை. அந்தக் காலத்தில் எங்கள் ஆட்கள் ஒருவருக்கொருவர் செய்த பெரிய உதவி அதுதான். அண்ணையின் இரண்டறை வீட்டு விலாசத்தில் எத்தனை பேர் வெளியே வந்தார்கள் என்று அவருக்கே கணக்கில்லை.

ஆகவே அந்த நாளில் ஈஸ்ட் ஹாமுக்குப் போவோம். ஹை ஸ்ட்ரீட்டில் பழம் வாங்கிக்கொண்டு, நான் பொரித்த மட்டன் ரோல்ஸோடு அண்ணையின் வீட்டுக் கதவைத் தட்டுவோம். அவர் பெற்றோல் நிலைய வேலையிலிருந்து ஓய்வு பெற்று, இப்போது முழங்கால் வலியோடும் கிரிக்கெட்டோடும் இருக்கிறார். இந்த முறை நான் கேட்டேன்.

"அண்ணை, இவரை ஆரெண்டே தெரியாமல் எப்பிடி விலாசம் குடுத்தனீங்கள்? பயமில்லையோ?"

"ஆர் எவர் எண்டு பாத்தா குடுத்தம், பிள்ளை?" அவர் ரோல்ஸைக் கடித்தபடி சிரித்தார். "நல்லவனும் வந்தான், கள்ளனும் வந்தான். ஒருத்தன் என்ர ரேடியோவையும் தூக்கிக்கொண்டு பாரிஸுக்குப் போயிட்டான். அதுக்காக அடுத்தவனைத் தடுப்பிலயே கிடவெண்டு விடேலுமோ?"

மார்லனின் கதையைச் சொன்னேன். சொல்லும்போதே, அண்ணை "குடு பிள்ளை" என்று சொல்லிவிடுவார், பிறகு நான் கொடுக்கத்தான் வேண்டும் என்று எனக்குள் ஒரு கலக்கம்.

அண்ணை சாப்பிடுவதை நிறுத்தினார். "சீச்சீ, வேண்டாம் பிள்ளை. எங்கட ஆக்கள் எண்டால் அது வேற. கறுப்புப் பொடியனுக்கெல்லாம் ஏன் நாங்கள்? பிறகு உங்கட பொடியனையும் திருப்பி இழுத்துவிடும்."

எனக்கு நிம்மதியாக இருந்தது. அதை வெட்கத்தோடு எழுதுகிறேன். குணம் அண்ணையே வேண்டாம் என்றால் பிறகு யார் என்னைக் குற்றம் சொல்லமுடியும்? பிளேன்டீயைக் குடித்து, கிரிக்கெட் கதை கேட்டு, கிளம்பினோம்.

திரும்பி வரும்போது பிளாக்வோல் சுரங்கப்பாதைக்கு முன்னால் வழக்கம்போல வாகன நெரிசல். இவர் வானொலியைப் போடப் போய்க் கையை எடுத்துக்கொண்டார். பிறகு சொன்னார்.

"குணம் அண்ணைக்கு என்னைப் பற்றி ஒண்டும் தெரியாது. என்ர ஊர்ப் பெயர் மட்டும்தான் தெரியும். மார்லனைப் பற்றி எங்களுக்கு என்ன தெரியாது சொல்லும், சாந்தி?"

அவனுக்கு எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தால் நித்திரை வரும் என்பதுகூட எனக்குத் தெரியும்.

"நாளைக்கு எடுத்து ஓமெண்டு சொல்லும்," என்றார். "கோயிலில கேட்டால் நான் கதைக்கிறன்."

5

மறுநாள் கடையின் பின்பக்கம், மருந்துப் பெட்டிகளுக்கு நடுவில் நின்று அந்தப் பெண்ணுக்குத் தொலைபேசி எடுத்தேன். கெடு முடிய இன்னும் ஒருநாள் இருந்தது. சம்மதம் என்று சொன்னபோது என் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்திருக்கும்.

அந்தப் பக்கம் விசைப்பலகைச் சத்தம் கேட்டது. "மன்னிக்கவும். மார்லன் உங்கள் விலாசத்தைத் திரும்பப் பெற்றுவிட்டார்."

"ஏன்?"

"உங்களிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை என்று அவருக்குச் சொல்லியிருந்தேன். அவர்களைச் சங்கடப்படுத்த வேண்டாம், நான் முழுக்காலமும் இருக்கிறேன் என்றார்."

திருப்பிப் போடமுடியாதா என்று கேட்டேன். அவராகக் கேட்டால்தான் முடியும், நான் உங்களுக்காகக் கேட்க முடியாது என்றார். எங்கள் வீட்டுக்கு வா என்று நான்தான் போய் அவனைக் கெஞ்ச வேண்டும். நினைத்துப் பார்த்தால், அதுதான் நியாயம்.

6

அவனுடைய தாய் மூலம் அவனுடைய பார்வையாளர் பட்டியலில் என் பெயரைச் சேர்ப்பித்துக்கொண்டேன். எந்த விசாரிப்பும் இல்லாமல் அந்த அம்மா உடனே செய்துகொடுத்தார். அவர் ஒரு சொல் கடிந்திருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

சிறை லண்டனுக்கு வெளியே. இவர்தான் காரில் கொண்டுபோனார், ஆனால் உள்ளே வரவில்லை. "அந்தக் கதவுகள் பூட்டுற சத்தம் எனக்கு ஏலாது," என்றார். இவ்வளவு காலத்துக்குப் பிறகும். சாப்பாடு உள்ளே விட மாட்டார்கள் என்று தெரிந்தும் நான் ரோல்ஸ் பொரித்துக்கொண்டு போயிருந்தேன். அதைக் காரில் இவரிடமே கொடுத்துவிட்டு, கைப்பையை லொக்கரில் வைத்து, சப்பாத்தைக் கழற்றிக் காட்டி, நாய் மோந்து பார்க்க நின்று, உள்ளே போனேன்.

மார்லன் மெலிந்திருந்தான். தாடி வைத்திருந்தான். என்னைக் கண்டதும் எழும்பி நின்று, "அன்ரி" என்றான். இரண்டு வருடமாக ஒருநாளும் போய்ப் பார்க்காத என்னிடம் அவன் முதலில் கேட்டது, "அங்கிளின் முதுகு வலி எப்படி?" என்று. அங்கிருந்த தேநீர்க் கடையில் அவனுக்குச் சொக்லேட்டும் சிப்ஸும் வாங்கி வைத்தேன். அவன் அதைத் தொடாமல் என்னையே பார்த்தான்.

"மார்லன், விலாசத்தைத் திருப்பிக் கொடு. நாங்கள் சம்மதம். நான்தான் பிந்திவிட்டேன். மன்னித்துக்கொள்." ஆங்கிலத்தில் இதைச் சொல்ல வரும் வழியெல்லாம் பாடமாக்கியிருந்தேன். பாதியிலேயே அழுகை வந்துவிட்டது.

"இல்லை அன்ரி. உங்களுக்குக் கஷ்டம்."

"கஷ்டம் இல்லை. அபியின் அறை கிடக்கிறது. நீ வரவேண்டும்."

அவன் மேசையைப் பார்த்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தான். பிறகு என்னைத் தேற்றுவதற்காகத்தான், உண்மையான அன்போடுதான், சொன்னான். அவன் ஆங்கிலத்தில் சொன்னதை அப்படியே தமிழில் எழுதுகிறேன்.

"சரி அன்ரி, வருகிறேன். நீங்கள் யோசிக்க வேண்டாம். உங்கள் ஆட்கள் வந்தால் நான் மேலே போய்விடுவேன். முன்பும் அப்படித்தானே. நீங்கள் அபியைப் பார்த்துக் கண்ணைக் காட்டுவீர்கள், நாங்கள் போய்விடுவோம். சத்தம் போடாமல் இருப்பேன்."

நான் மேலே இந்தக் கதையில், கீழே இடம் போதாது என்று எழுதியிருந்தேன். அபியைத் தனியாக நான் ஒருநாளும் மேலே அனுப்பியதில்லை. மார்லன் வராத நாட்களில் அவன் கீழே இருந்து வந்தவர்களுக்குத் தேவாரம் பாடிக் காட்டுவான். அப்போது இடம் போதும். அந்தப் பிள்ளைக்குப் பதினொரு வயதிலேயே இது தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டு, சம்பல் கேட்டுச் சாப்பிட்டு, தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

"அப்படி இல்லை," என்றேன். நேரம் முடிந்தது என்று ஒரு காவலர் சொல்லிக்கொண்டு வந்தார். மார்லன் எழும்பி, சிப்ஸ் பொதியை என்னிடமே தந்தான். உள்ளே கொண்டுபோக விடமாட்டார்களாம்.

காரில் இவர் கேட்டார். "என்ன சொன்னவன்?"

"வாறானாம்."

"வேற?"

"வேறொண்டும் இல்லை," என்றேன். அன்றிரவுதான் சொல்ல முடிந்தது. இவர் எழும்பிப்போய்க் குழாயைத் திறந்து முகம் கழுவிவிட்டு வந்தார்.

எல்லாம் சரிவந்துவிட்டது. வருகிற வெள்ளிக்கிழமை மார்லன் வருகிறான். சுவரில் அந்தக் கண்காணிப்புப் பெட்டியைப் பூட்ட ஆள் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அபியின் கட்டிலுக்குப் புது விரிப்புப் போட்டிருக்கிறேன். ஞாயிறு மத்தியானம் இவருடைய தங்கை குடும்பம் சாப்பிட வருகிறார்கள். கோயில் தர்மகர்த்தாவையும் கூட்டி வருகிறார்களாம். "வேறொரு நாள் வாங்கோ எண்டு சொல்லட்டோ?" என்று இவர் கேட்டார். வேண்டாம், வரட்டும் என்றேன்.

சொல்லிவிட்டேனே தவிர, எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. வாசல் மணி அடிக்கும், அவன் பழக்கத்தில் எழும்புவான், ஒரு நொடி என் முகத்தைப் பார்ப்பான். அந்த நொடியில் என் கண் என்ன செய்யும் என்று எனக்கே நிச்சயமாகத் தெரியவில்லை. ஊரிலிருந்து இதை வாசிக்கும் உங்களுக்கு எல்லாவற்றையும் முன்கூட்டியே எழுதி வைப்பது அதற்காகத்தான். நாலு பேருக்குத் தெரிந்திருந்தால் என் கண் கொஞ்சம் அடங்கி இருக்கக்கூடும்.